கொல்லையில் நிற்கும் வண்டி ஓடுமா?

வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

அதன் மேல் கிழிந்த சாக்கு. சக்கரத்தில் காற்று இல்லை. பெட்ரோல் டாங்கியில் துரு. இருக்கையின் மேல் பூனை படுத்துத் தூங்குகிறது.

"காயலான் கடைக்குப் போட்டுவிடலாம். இடமாவது மிஞ்சும்" என்கிறார் வீட்டில் ஒருவர்.

"வேண்டாம். தாத்தா ஓட்டிய வண்டி" என்கிறார் இன்னொருவர்.

இந்தப் பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. யார் சொல்வது சரி?

பழைய வண்டியை மறுபடியும் ஓட வைக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். அதில் பாதி வேலையை வீட்டிலேயே செய்யலாம்.

ஆனால் அவசரம் கூடாது. அவசரப்பட்டவர்கள் முதலில் வர்ணம் அடிக்கிறார்கள். வண்டி பளபளக்கிறது. ஆனால் ஓடவில்லை! பணம் போனதுதான் மிச்சம்.

எந்த வேலை முதலில்? எந்த வேலை கடைசியில்? இதைத் தெரிந்துகொண்டால் போதும். பணமும் மிஞ்சும். வண்டியும் மிஞ்சும்.

மைசூரில் செய்த வண்டி

ஒரு வண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நமக்குத் தெரிந்த வண்டி. ஜாவா!

ஜாவா என்றவுடன் ஜாவா தீவு நினைவுக்கு வரும். அந்தத் தீவுக்கும் இந்த வண்டிக்கும் சம்பந்தம் இல்லை.

செக்கோஸ்லோவாக்கியா என்று ஒரு நாடு இருந்தது. அங்கே யானெச்செக் என்பவர் தொழிற்சாலை வைத்திருந்தார். 1929-ல் அவர் வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியிடம் மோட்டார் சைக்கிள் செய்யும் உரிமையை வாங்கினார். யானெச்செக் என்பதில் முதல் எழுத்து. வாண்டரர் என்பதில் முதல் எழுத்து. இரண்டும் சேர்ந்து "யாவா" ஆயிற்று. நம் ஊரில் அது "ஜாவா" ஆகிவிட்டது.

இரண்டாவது உலகப் போரின்போது அந்த நாடு ஜெர்மன் படையின் பிடியில் இருந்தது. புதிய மோட்டார் சைக்கிள் செய்ய அனுமதி இல்லை. ஆனால் ஜாவா என்ஜினீயர்கள் சும்மா இருக்கவில்லை. ரகசியமாக ஒரு வண்டியைச் செய்தார்கள்!

போர் முடிந்தது. 1946-ல் அந்த வண்டியைப் பாரிஸ் நகரக் கண்காட்சியில் வைத்தார்கள். எல்லாரும் வியந்தார்கள்.

அந்தக் குடும்பத்து வண்டிதான் பின்னால் மைசூருக்கு வந்தது. 1961-ல் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை தொடங்கியது. 1970-களில் வண்டியின் பெயர் "யெஸ்டி" என்று மாறியது. 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது.

2018-ல் ஜாவா என்ற பெயரிலும், 2022-ல் யெஸ்டி என்ற பெயரிலும் புதிய வண்டிகள் வந்தன. பெயர்தான் ஒன்று. என்ஜின் வேறு. நாம் பேசுவது மைசூரில் செய்த பழைய வண்டியைப் பற்றி.

அதை அடையாளம் காண்பது சுலபம். சிலிண்டர் ஒன்றுதான். ஆனால் புகைக்குழாய் இரண்டு. கியர் போடும் நெம்புகோல்தான் வண்டியைக் கிளப்பும் நெம்புகோலும்! அதை உள்ளே தள்ளி, மேலே திருப்பி, உதைக்கவேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் உதைக்கும் நெம்புகோலைத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

முதல் வேலை: ஆர்.சி. புத்தகம்

ஸ்பானரை எடுக்குமுன் பீரோவைத் திறக்கவேண்டும்.

ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா? அதில் இருக்கும் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றா? என்ஜினில் ஓர் எண் வெட்டியிருக்கும். வண்டியின் சட்டத்தில் ஓர் எண் வெட்டியிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எண் தெரியவில்லையா? மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அரம் வைத்து ராவாதீர்கள். எண் அழிந்தால் வண்டி போன மாதிரிதான். "திருட்டு வண்டியோ?" என்று சந்தேகம் வந்துவிடும்.

புத்தகம் காணாமல் போயிருந்தால் போலீசில் எழுதிக் கொடுக்கவேண்டும். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நகல் கேட்கலாம். அதற்குப் படிவம் 26.

வண்டி தாத்தா பெயரில் இருக்கிறது. தாத்தா காலமாகிவிட்டார். அப்போது? வாரிசு பெயருக்கு மாற்றவேண்டும். அதற்குப் படிவம் 31.

பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கவேண்டும். வண்டியை நேரில் காட்டவேண்டும்.

50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021-ல் தனி விதி வந்தது. பழம்பெரும் வண்டி என்று அதைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிவு செய்தால், தினமும் ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் கொண்டுபோகலாம். ஆகவே யோசித்துச் செய்யுங்கள்.

புத்தகமும் இல்லை, எண்ணும் ஒத்துவரவில்லை என்றால்? அந்த வண்டிக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

உதைக்காதீர்கள்!

இரண்டாவது வேலை என்ன? சும்மா இருப்பது!

ஆம். பல ஆண்டு நின்ற வண்டியைக் கண்டதும் எல்லாருக்கும் உதைத்துப் பார்க்க ஆசை வரும். அது தவறு. உள்ளே துரு இருக்கும். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். வேகமாக உதைத்தால் ஏதாவது உடையும்.

பிளக்கைக் கழற்றுங்கள். அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு கையால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் மறுபடியும் எண்ணெய் விடுங்கள். பொறுமைதான் இங்கே ஆயுதம்.

இதற்குள் இன்னொரு காரியம் செய்யலாம். வண்டியை நாலு பக்கமும் படம் எடுங்கள். கைப்பேசி போதும். எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்தக் குழாய் எதில் சேர்கிறது என்று ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். கழற்றும்போது சுலபம். மாட்டும்போதுதான் தலை சுற்றும்!

கழற்றிய நட்டுகளை ஒரே டப்பாவில் போடாதீர்கள். தனித் தனி டப்பா வேண்டும். மேலே காகிதம் ஒட்டி, "கார்புரேட்டர்", "முன் சக்கரம்" என்று எழுதுங்கள். இந்த வேலையைச் சிறுவர் சிறுமியர் நன்றாகச் செய்வார்கள்.

டூ-ஸ்ட்ரோக் என்றால் என்ன?

என்ஜினைத் தொடுமுன் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியவேண்டும்.

சைக்கிள் பம்பு பார்த்திருக்கிறீர்கள். குழாய்க்குள் ஒரு தண்டு மேலும் கீழும் போகும். அதே மாதிரிதான். சிலிண்டர் என்பது குழாய். அதற்குள் மேலும் கீழும் போவது பிஸ்டன்.

பிஸ்டன் மேலே போகிறது. மேலே இருக்கும் பெட்ரோல் ஆவியை நெருக்குகிறது. அதே சமயம் கீழே இருக்கும் அறைக்குள் புதிய ஆவியை இழுக்கிறது.

பிளக்கில் பொறி விழுகிறது. ஆவி வெடிக்கிறது. பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. சிலிண்டர் சுவரில் ஒரு துளை திறக்கிறது. அதன் வழியாகப் புகை வெளியே போகிறது. கீழே இருந்த புதிய ஆவி, பக்கத்து வழியாக மேலே ஏறுகிறது.

மேலே ஒரு முறை. கீழே ஒரு முறை. இரண்டே வீச்சு! அதனால்தான் டூ-ஸ்ட்ரோக்.

இந்தக் காலத்து வண்டிகளில் நாலு வீச்சுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். அதில் வால்வுகள் உண்டு. இந்தப் பழைய டூ-ஸ்ட்ரோக்கில் வால்வு இல்லை. பாகங்கள் குறைவு. ஆகவேதான் இதை வீட்டில் பிரித்துப் பார்க்க முடிகிறது.

மூச்சு ஒழுகும் இடம்

கீழ் அறை ஆவியை இழுக்கிறது என்று சொன்னோம். அந்த அறையில் சிறு ஓட்டை இருந்தாலும் மூச்சு ஒழுகும்.

கிராங்க் தண்டின் இரு பக்கமும் ரப்பர் வளையம் உண்டு. அதன் பெயர் ஆயில் சீல். பல ஆண்டு நின்ற வண்டியில் இந்த ரப்பர் கட்டையாகிவிடும்.

ஜாவாவில் வலது பக்கம் டைனமோ. அந்தப் பக்கத்துச் சீல் கெட்டால் வெறும் காற்று உள்ளே புகும். பெட்ரோலும் எண்ணெயும் குறையும். என்ஜின் கொதிக்கும். ஓடும்போதே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரம் சட்டென்று நிற்கும். ஆளே கீழே விழலாம்!

இடது பக்கம் கிளட்ச். அந்தப் பக்கத்துச் சீல் கெட்டால் கியர் எண்ணெய் உள்ளே இழுக்கப்படும். ஓயாமல் வெள்ளைப் புகை வரும்.

சீலின் விலை குறைவு. அதை மாற்றாமல் விட்டால் வரும் செலவு அதிகம். ஆனால் இதற்கு என்ஜினைப் பிளக்கவேண்டும். கிராங்க் வேலை கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை. அதை அவரிடமே விட்டுவிடுங்கள். என்ஜினைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி குறையும்.

பிஸ்டனும் வளையமும்

சிலிண்டரை வீட்டிலேயே கழற்றலாம். கழற்றியவுடன் கீழ் அறையின் வாயில் சுத்தமான துணியை அடையுங்கள். பிஸ்டனில் சிறு கம்பி வளையம் ஒன்று இருக்கும். அது துள்ளிக் கீழ் அறைக்குள் விழுந்தால், என்ஜின் பூராவையும் பிரிக்கவேண்டியதுதான்!

ஜாவா சிலிண்டரின் விட்டம் 65 மில்லி மீட்டர். சுவரில் கீறல் இருந்தால் லேத் பட்டறையில் சற்றுப் பெரிதாகக் கடைந்து கொடுப்பார்கள். கால் மில்லி மீட்டர் கணக்கில் பெரிய பிஸ்டன் போடவேண்டும். பிஸ்டனை முதலில் வாங்குங்கள். அதை அளந்து சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள். கடைந்த பிறகு பிஸ்டனைத் தேடினால் அந்த அளவு கிடைக்காமல் போகலாம்.

பிஸ்டன் வளையம் மாட்டும்போது ஒரு ஜாக்கிரதை. வளையத்தின் இரு முனையும் சேரும் இடத்தில் ஒரு சிறு முள் உண்டு. முனைகள் அந்த முள்ளில்தான் உட்காரவேண்டும். தவறினால் முனை சிலிண்டர் துளையில் மாட்டி ஒடிந்துவிடும்.

புகை போகும் துளையிலும் சைலன்சரிலும் கரி படிந்திருக்கும். வீட்டு அடுப்பில் புகைக்கூண்டு அடைத்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். வண்டி இழுக்காது. கரியை மரக் குச்சியால் சுரண்டுங்கள். இரும்பு பட்டால் பிஸ்டனில் கீறல் விழும்.

டாங்கி: உயிருக்கு ஆபத்து

டாங்கியில் ஓட்டை. "வெல்டிங் வைத்துவிடலாம்" என்று எடுத்துப் போவார்கள். "உள்ளே பெட்ரோல் இல்லையே, காலி டாங்கிதானே" என்பார்கள்.

காலி டாங்கிதான் ஆபத்து! பெட்ரோல் போனாலும் ஆவி உள்ளே நிற்கும். ஆவியும் காற்றும் கலந்த டாங்கி ஒரு வெடிகுண்டு. இந்த வேலை தெரிந்த பட்டறையில் மட்டும் கொடுங்கள். முன்பு அதில் பெட்ரோல் இருந்தது என்று சொல்லிக் கொடுங்கள்.

துருவை மட்டும் எடுக்கவேண்டுமானால் வீட்டுச் சாமானே போதும். முதலில் வெட்டவெளியில் பழைய பெட்ரோலை வடித்து, டாங்கியை நன்றாகக் காயவிடுங்கள். பக்கத்தில் அடுப்பு, பீடி, சிகரெட் கூடாது. பிறகு எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு நாள் வையுங்கள். துரு கரையும். கொட்டிவிட்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். உடனே காயவைத்து, உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள். ஈரத்தோடு விட்டால் மறுநாளே துரு வந்துவிடும்.

இன்னொரு செய்தி. 2025-ல் நாடெங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயை உப்பவைக்கும். ஆகவே குழாயைப் புதிதாக மாற்றுங்கள். வண்டியை மாதக் கணக்கில் நிறுத்துவதானால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

பொறி வருகிறதா?

பழைய ஜாவாவில் 6 வோல்ட் பாட்டரி. பாட்டரி செத்திருந்தால் பொறி வராது. எத்தனை முறை உதைத்தாலும் கால்தான் வலிக்கும்.

பாட்டரியைப் பாருங்கள். பாயிண்டைச் சுத்தம் செய்யுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லி மீட்டர் இருக்கவேண்டும். இதை அளக்கத் தகடு கடையில் கிடைக்கும். எலி கடித்த கம்பிகளை மாற்றுங்கள்.

எண்ணெய்க் கணக்கு

டூ-ஸ்ட்ரோக்கில் கீழ் அறை ஆவி போகும் வழி. அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. ஆகவே பெட்ரோலோடு எண்ணெயைக் கலக்கவேண்டும்.

பழைய ஜாவாவுக்கு 25 பங்கு பெட்ரோல், ஒரு பங்கு எண்ணெய். அதாவது ஒரு லிட்டருக்கு 40 மில்லி. 5 லிட்டருக்கு 200 மில்லி. உங்கள் வண்டிக்குக் கையேடு இருந்தால் அதில் சொன்ன அளவே சரி.

எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும். கூடினால் கரி பிடிக்கும். கண் அளவு கூடாது. அளவு டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதையில் இறங்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். கை முறுக்கை அடியோடு மூடிவிட்டால் பெட்ரோல் போகாது. பெட்ரோல் போகாவிட்டால் எண்ணெயும் போகாது! ஆகவே ஏற்காட்டிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ இறங்கும்போது, அவ்வப்போது கொஞ்சம் முறுக்கிவிடவேண்டும்.

ஓடினால் போதாது, நிற்கவேண்டும்

என்ஜின் ஓடிவிட்டது. உடனே தெருவில் கிளம்பிவிடாதீர்கள். பிரேக் எப்படி?

பழைய பிரேக் கட்டையில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. வாயால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் ஒரு பையில் கட்டி எறிந்துவிடுங்கள். புதிய பிரேக் கட்டை போடுங்கள்.

டயர் பார்க்க நன்றாக இருக்கும். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். புது டயர் வாங்கும்போது பக்கத்தில் நாலு எண் பாருங்கள். 2324 என்றால், 2024-ம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்தது.

பழைய பாகங்கள் வேண்டுமானால் சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

என்ஜினை அறைக்குள் வைத்து ஓட்டாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டு. அதற்கு வாசனை இல்லை. மயக்கம் வரும்போதுதான் தெரியும். அப்போது எழுந்து ஓட முடியாது.

வர்ணம் கடைசி

எல்லாப் பாகத்தையும் மாட்டி, வண்டியை ஓட்டிப் பாருங்கள். முதல் சில நூறு கிலோ மீட்டர் நிதானமாகப் போங்கள். குறை இருந்தால் தெரியும். அதைச் சரிசெய்த பிறகு, மறுபடியும் கழற்றி வர்ணம் அடியுங்கள். இது இரட்டை வேலை மாதிரி தோன்றும். ஆனால் புது வர்ணத்தின் மேல் ஸ்பானர் வழுக்கிக் கீறினால், அந்த வருத்தம் பெரிது!

ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். டூ-ஸ்ட்ரோக் புகை கக்கும். எரியாத பெட்ரோலில் கொஞ்சம் புகையோடு வெளியே போய்விடும். இதனால்தான் 2000-ம் ஆண்டு முதல் புகை விதிகள் கடுமையானபோது இந்த வண்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆகவே தினமும் ஆபீசுக்குப் போக இது வேண்டாம். புகைச் சான்று வாங்கிக்கொண்டு, எப்போதாவது ஓட்டுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்? வண்டிக்கு வண்டி மாறும். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு ரூபாயையும் எழுதுங்கள். வீட்டுச் செலவுப் பணத்தில் கை வைக்காதீர்கள். கையில் இருக்கிற அளவுக்கு வேலை செய்யுங்கள். 10 ஆண்டு நின்ற வண்டி இன்னும் 2 மாதம் நின்றால் குடிமுழுகிப் போகாது!

காயலான் கடையா, பட்டறையா? இதைச் சண்டை போட்டு முடிவு செய்யவேண்டாம். வண்டியையே கேளுங்கள். புத்தகம் சரியாக இருந்து, எண் ஒத்துப்போய், என்ஜின் கூடு உடையாமல் இருந்தால், அந்த வண்டி பிழைக்கும். இல்லாவிட்டால், பாகங்களைத் தேவையானவருக்குக் கொடுங்கள். வேறொரு வண்டி பிழைக்கும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஸ்பானர் வேண்டாம். எண்ணெய் வேண்டாம். ஆர்.சி. புத்தகம் எங்கே என்று முதலில் தேடுங்கள்.